ஏழு விளக்குகளின் பெயர்

மச்சான்,

படத்தின் மூன்றாம் பாகத்துக்குப் பெயர் வந்துவிட்டது. 'ஓவர்டியூ'. நேற்றுப் பின்னேரம் படத்தை எடுக்கிறவர்களின் சொந்தப் பக்கத்திலேயே வந்தது. ரசிகர் யாரோ செய்து போட்டது இல்லை. முதல் இரண்டு பாகங்களின் அறிவிப்புகளும் அதே பக்கத்தில்தான் வந்தன என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். விநியோகிக்கிறவர்களின் பக்கத்திலும் அதே பெயர் இருந்தது. அதன் பிறகுதான் உனக்கு அனுப்பினேன்.

உன் எண்ணுக்குத்தான் அனுப்பினேன். கை அப்படிப் பழகிவிட்டது. 'பேர் வந்திட்டுது' என்று மட்டும் எழுதினேன். ஒரு சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது சரி விழவில்லை. விழாது. உன் போன் நிற்பாட்டப்பட்டு உன் மனைவியின் அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே அவர் வைத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றவன். தெரிந்தும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். தேத்தண்ணி குடிக்கையில் பார்த்தேன். பிரதேச செயலகக் கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தபோதும், குளங்களின் நீர்மட்டத்தை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க, மேசைக்குக் கீழே பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் "வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

எங்கள் போன் குழுவில் நேற்று ஒரே கலம்பகம். மல்லாவிக் குகன்தான் தொடங்கினான்.

"ஓவர்டியூவோ? இதென்ன, லீசிங் கொம்பனி எடுத்த படமோ?"

உருத்திரபுரத்திலிருந்து ஒருவர் எழுதினார்: "அப்ப மூண்டாம் பாகத்தில கப்பலைத் தூக்கிக்கொண்டு போகப்போறாங்கள். என்ர லாண்ட்மாஸ்டருக்கு நடந்தது போல."

உலகத்தில் எத்தனையோ ஊர்களில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். தவணை கட்டாத உழவு இயந்திரத்தை அதில் கண்டது எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும். நீ இருந்திருந்தால் மேசையில் அடித்துச் சிரித்திருப்பாய். சிரித்து முடிந்ததும் எழுத்துகளை எண்ணியிருப்பாய். உனக்காக நானே எண்ணினேன். ஆங்கிலத்தில் ஏழு. சரியாக வருகிறது.

இனி உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். முதலிலிருந்து வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

கண்டி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் உன் போன் கடை. ஈயம் உருகுகிற மணம், உடைந்த போன்கள், எனக்கென்று நீ வைத்திருந்த கால் ஆடும் பிளாஸ்டிக் கதிரை. 'தொலைவெளி' என்று தமிழில் பெயர் வைத்து வந்த அந்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகத்தை அங்கேதான், உன் கணினியில், கடையைப் பாதி சாத்திவிட்டுப் பார்த்தோம். தலை நரைத்த இரண்டு பேர் ரொக்கெட் படம் பார்க்கிறார்கள் என்று போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

அந்தக் கடைசிக் காட்சி: கப்பலின் ஒரு பகுதி எரிகிறது. மற்றவர்கள் தப்ப வேண்டுமானால் எரிகிற பகுதியை மறுபக்கத்தில் நின்று கழற்றிவிட வேண்டும். கப்பலின் பொறியியலாளர் லெனா கதவை அந்தப் பக்கமாகச் சாத்திக்கொள்கிறாள். கழற்றுகிறாள். கட்டிலளவு சின்னப் பெட்டி ஒன்றுக்குள் ஏறி இருட்டுக்குள் மிதந்து போகிறாள். வானொலியில் அவள் குரல் கேட்கிறது. சென்னையில் குரல் மாற்றிய தமிழ்.

"சரி, போயிட்டு வரேன்."

பிறகு இரைச்சல். திரை கறுத்தது. நான் எழும்பி விசிறியைப் போடப் போனேன். நீ அசையவில்லை.

"கேட்டியோ?" என்றாய்.

"என்னத்தை?"

"வாறன் எண்டெல்லோ சொன்னவா. போறன் எண்டு சொல்லேல்ல. அவா வருவா."

உன் கட்சி அன்றைக்குத் தொடங்கியது. 'தொலைவெளிக்காரர்' என்று போனில் ஒரு குழு திறந்தாய். என்னையும் கேட்காமல் சேர்த்தாய். மாங்குளம், மல்லாவி, உருத்திரபுரம் என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் பாகத்துக்கு என்ன பெயர், என்ன கதை என்று ஆளுக்கொரு ஊகம். லெனா மனுசியே இல்லை, இயந்திரம் என்றான் குகன். "ரெண்டு படத்திலயும் அவா ஒரு வாய் சாப்பிடேல்ல, கவனிச்சனீங்களோ?" லெனா இரண்டு பேர் என்றார் இன்னொருவர். அவருக்குச் சான்று, மணிக்கூடு ஒரு காட்சியில் இடக்கையிலும் அடுத்ததில் வலக்கையிலும் இருப்பது. நீ ஒவ்வொருவருக்கும் குரற்பதிவில் பதில் சொன்னாய். "தம்பி, நடிக்கிற பிள்ளைக்குக் கை கடிச்சிருக்கும், மாத்திக் கட்டியிருப்பா. அதுக்கு ரெண்டு பேரைப் பிறப்பிக்காத."

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது, உனக்குத் தெரியும். ஒருவர் சொன்னார் என்றால், அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டாம் பாகத்தின் ஆங்கிலப் பிரதியைத் தேடி எடுத்து அந்த இடத்தை மட்டும் கேட்டேன். அடுத்த நாள் கடைக்கு வந்து சொன்னேன்.

"மச்சான், மூலத்தில வாறன் எண்டு இல்லை. குட்பை எண்டுதான் சொல்லுறா. ஒரே சொல்லு."

நீ திருகாணிச் சாவியைக் கீழே வைத்தாய். "போடு பாப்பம்."

போட்டேன்.

"இன்னொருக்கா."

மறுபடியும் போட்டேன். லெனா தன் சொந்தக் குரலில் அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். பிறகு அதே இரைச்சல். நீ கொஞ்ச நேரம் யாருடையதோ போனின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"தமிழில எழுதினவன் ஆர்?"

"சென்னையில ஆரோ."

"அவனுக்கு இங்கிலீசு தெரியும்தானே?"

"தெரியாமலோ எழுதுறான்?"

"அப்ப ஏன் அவன் 'போறேன்' எண்டு எழுதேல்ல?"

"அது வழக்கம் மச்சான். எங்கட ஆக்கள் அப்பிடிச் சொல்லமாட்டினம்."

"வழக்கம் எண்டு சொல்லித் தப்பாத. சாகப்போற ஒருத்தியின்ர வாயில அந்தச் சொல்லை வைக்க அவனுக்குக் கை வரேல்ல. அதுவும் ஒரு சாட்சிதான்."

"எதுக்குச் சாட்சி? அவா வருவா எண்டதுக்கோ?"

"இல்லை. வரவேணும் எண்டதுக்கு."

நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் கடைக்கு வந்து போகிறவர்களில் பாதிப்பேருக்கும் தெரியும். கடைசிச் சண்டையின்போது, அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த நாளில், உன் தம்பி காய்ச்சலில் கிடந்த தன் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பால்மா தேடி வெளிக்கிட்டான். "போறன் அண்ணை" என்றான். நீ ஏசினாய். "அதென்ன கதை? வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ." அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்து, "சரி, போட்டு வாறன்" என்றான். நீ கேட்டு வாங்கிய சொல் அது. அவன் வரவில்லை. அவனைக் கண்டதாகச் சொன்னவர்களும் இல்லை, கிடந்ததாகச் சொன்னவர்களும் இல்லை.

அவன் பால்மா தேடிப் போனது தர்சினிக்காக. இன்று அவள் உருத்திரபுரத்தில் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. உன்னைப் பெரியப்பா என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுகிறவள். குழுவில் உனக்கு எதிர்க்கட்சித் தலைவியும் அவள்தான்.

"பெரியப்பா, அந்தப் பெட்டிக்குள்ள எவ்வளவு நேரத்துக்குக் காத்து இருக்கும் எண்டு முதலாம் பாகத்திலயே சொல்லியிருக்கினம். நீங்கள் காத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கேலாது. லெனா செத்திட்டா. விடுங்கோ."

"நீ கணக்கு ரீச்சர். உனக்குக் கதை விளங்காது."

"கதையில மட்டும் காத்து முடியாதோ?"

குழுவில் எல்லோரும் சிரிப்புப் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். நான் போடவில்லை. அந்த வாக்குவாதம் படத்தைப் பற்றி மட்டும் நடக்கவில்லை என்று எனக்கு ஒரு அந்தரம் தொடங்கியது அன்றைக்குத்தான். இன்றுவரை அது அடங்கவில்லை.

பிறகு அந்தச் சுவரொட்டி வந்தது. இருண்ட கப்பலின் பக்கவாடு, அதில் ஒரு வரிசையாக ஏழு விளக்குகள், கீழே 'பெயர் விரைவில்' என்ற வரி. ஏழு விளக்கு என்றால் ஏழு எழுத்து என்று உலகமெங்கும் ரசிகர்கள் எழுதினார்கள். எங்கள் குழுவில் முதலில் உறுதியாக எழுதியவள் தர்சினி: "குட்பை. ஆங்கிலத்தில எண்ணிப் பாருங்கோ. ஏழு. லெனாவின்ர கடைசிச் சொல்லுத்தான் படத்தின்ர பேர்."

எண்ணிப் பார்த்தோம். ஏழுதான்.

அடுத்த நாள் நான் ஆனையிறவில், உப்பளத்து வேலையாட்களோடு வெயிலில் நின்று கதைத்துக்கொண்டிருக்க, நீ போன் எடுத்தாய்.

"வெயிட்டிங்!" என்று கத்தினாய்.

"என்ன மச்சான்? உப்பளத்தில நிக்கிறன்."

"எண்ணு. வெயிட்டிங். அதுவும் ஏழு. அவளுக்குச் சொல்லு, கணக்கில பெரியப்பாவும் பாஸ் எண்டு."

பக்கத்தில் நின்ற உப்பள அம்மா உன் சத்தம் கேட்டு "நல்ல செய்தியோ தம்பி?" என்று என்னிடம் கேட்டார். இன்னும் உறுதியாகவில்லை என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கும் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த வாரம்தான் தர்சினியின் கலியாணம் பொருந்தி, அழைப்பிதழின் மாதிரி வந்தது. உன் வீட்டு விறாந்தையில், பால் விடாத ஒரு பிளேன்ரீயோடு நான் இருந்தேன். தர்சினி அட்டையை உன்னிடம் தந்தாள். நீ கண்ணாடியைப் போட்டு வாசித்தாய். ஒரு இடத்தில் நின்றாய்.

"ஆர் இதைப் போடச் சொன்னது?"

"நான்தான் பெரியப்பா."

அவளுடைய தகப்பனின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தது. எங்கள் கலியாண அட்டைகளில் இறந்தவரின் பெயருக்கு முன் அந்தச் சொல் வருவது எல்லோருக்கும் தெரியும். இருக்கிறவருக்கு அது வராது. உன் தம்பிக்குப் போட எந்த அச்சுக்கூடத்திடமும் ஒரு சொல் இல்லை.

"இதை எடு."

"எடுத்தால்? வாற சனமெல்லாம் அப்பா எங்க எண்டு கேக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டவை, 'வெளிநாட்டிலயோ' எண்டு. நான் எத்தினை வருசத்துக்கு 'இருக்கிறார், ஆனா இல்லை' எண்டு சொல்லுறது? எனக்கு ஒரு சொல்லுத் தாங்கோ பெரியப்பா. ஒண்டெண்டால் ஒண்டு."

அவளுடைய தாய், நெற்றியில் அதே சிவப்புப் பொட்டோடு, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக் குசினிக்குள் போனார். பாத்திரங்கள் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

நீ குரலைத் தாழ்த்தினாய். "பிள்ளை, ஒரு அச்சுக்கூடக்காரன் வந்து உன்ர கொம்மாவின்ர நெத்திப் பொட்டை அழிக்கிறதோ?"

தர்சினி அட்டையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். படலையடியில் நின்று திரும்பி, "லெனா வரமாட்டா பெரியப்பா" என்றாள். அழுதுகொண்டு சொன்னாள்.

அதன்பின் இருவரும் படத்தின் பெயரைப் பற்றி மட்டும்தான் கதைத்தீர்கள். அட்டை அவளுடைய மேசை லாச்சிக்குள் போனது. பெயர் வரட்டும், பார்ப்போம் என்று நீ சொன்னாய். அவளும் சரி என்றாள். எங்கோ இருக்கிற யாரோ தங்கள் படத்துக்கு வைக்கப்போகிற பெயருக்காக, கிளிநொச்சியில் ஒரு வீடு தீர்ப்புக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தது. இதை நான் செய்தியாக எழுதியிருந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

பிறகு அந்தக் காலை. கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாய் என்று பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் போன் எடுத்துச் சொன்னார். நான் வரும்போது உன்னை அம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் வேர்த்து வெளிறியிருந்தது. ஆனாலும் கதைத்தாய்.

"பேர் வந்தா உடன சொல்லு."

"சரி, கதையாத."

தர்சினியும் ஓடி வந்து நின்றாள். நீ அவளைப் பார்த்தாய். கதவைச் சாத்த வந்த பெடியனின் கையைப் பிடித்து நிற்பாட்டிவிட்டு, எங்கள் இருவருக்குமாகச் சொன்னாய்.

"போட்டு வாறன்."

அன்று பின்னேரம் உன்னைக் கொண்டுவந்தார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு தர்சினி என்னிடம் கேட்டாள். "மாமா, பெரியப்பாவும் அப்பிடித்தானே சொல்லிப்போட்டுப் போனவர்?" உன் கட்சியை உடைத்தவன் நீயேதான், மச்சான். வாறன் என்று சொன்னவர் வந்துதான் ஆகவேண்டும் என்று எத்தனை குரற்பதிவு போட்டாய். நான் எழும்பி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குழுவில் ஒருவரும் உன் பெயரை எடுத்துவிடவில்லை. நிர்வாகி இன்றுவரை நீதான். புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. ஒருவரும் எழுதாமல் அது அப்படியே கிடந்தது, நேற்றுப் பின்னேரம்வரை.

இனி பெயருக்கு வருகிறேன்.

அகராதியில் பார்த்தேன். கட்டவேண்டிய காலம் கடந்தது, வரவேண்டிய நேரம் கடந்தது, இரண்டு கருத்தும் இருந்தது. அது போதாது. முன்பு கப்பலில் வேலை செய்து, இப்போது முல்லைத்தீவில் மகளோடு இருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரை எடுத்துக் கேட்டேன்.

"கப்பல் வரவேண்டிய நேரத்துக்கு வராட்டில் ஓவர்டியூ எண்டு சொல்லுவம்" என்றார். "கடலுக்குள்ள தாண்டுபோச்சுது எண்டு கருத்தில்லை தம்பி. வரேல்ல, அவ்வளவுதான். அது சொன்னாப் பிறகுதான் ஒழுங்காத் தேடத் தொடங்குறது."

"தேடிக் கிடைக்காட்டில்?"

"அதுக்கு வேற சொல்லு இருக்கு. ஆனா அதை லேசில சொல்லமாட்டினம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டு, முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தேன். இத்தனை வருசம் எத்தனை அலுவலகங்களின் வாசலில் நின்றிருப்பேன், பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு வருகிற தாய்மாரோடு. உள்ளே இருந்தவர்களிடம் இரண்டு சொற்கள்தான் இருந்தன. ஒன்று மரணம். மற்றது காணாமல் போனது. முதலாவது கதவைச் சாத்துகிறது. இரண்டாவது, ஏதோ போனவரே தன்னைத் தொலைத்துக்கொண்டது போல இருக்கிறது. வரவேண்டியவர் இன்னும் வரவில்லை என்று, வரவேண்டியதை விட்டுக்கொடுக்காமல் சொல்ல, ஒரு படக்காரருக்கு ஒரு சொல் கிடைத்திருக்கிறது. நீ சொன்ன 'வெயிட்டிங்' இல்லை. அவள் சொன்ன 'குட்பை'யும் இல்லை. இரண்டு பேருமே பிழை. உனக்கு அதைச் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமோ.

இன்று காலை தர்சினி வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்த முதலே கேட்டாள்.

"மாமா, ஓவர்டியூ எண்டா சரியான கருத்து என்ன? குகன் சொல்லுற லீசிங் கருத்து இல்லை."

கப்பல்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப பெரியப்பாவும் வெல்லேல்ல."

"இல்லை."

"நானும் வெல்லேல்ல."

"இல்லை."

"பெரியப்பா இருந்திருந்தா, தான் வெண்டது எண்டுதான் சொல்லியிருப்பார்."

"குரற்பதிவே போட்டிருப்பான்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகியது. கைப்பையிலிருந்து அழைப்பிதழின் புதிய மாதிரியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீங்கள் பேப்பர்காரர்தானே. பிழை திருத்தித் தாங்கோ. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது."

வாசித்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெயரில் ஒரு கால் விடுபட்டிருந்தது, போட்டேன். மண்டபத்தின் பெயரில் ஒற்று மிகுந்திருந்தது, எடுத்தேன். பிறகு இரண்டு இடத்தில் 'அமரர்' என்று இருந்தது. ஒன்று உன் தம்பியின் பெயருக்கு முன். மற்றது கீழே, அழைப்பவர்களின் வரிசையில், உன் பெயருக்கு முன்.

உன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை அச்சில் நான் காண்பது அதுதான் முதல்முறை. மரண அறிவித்தலை உன் மனைவியின் தம்பிதான் கொடுத்தார், நான் பார்க்கவில்லை. பேனையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தேன்.

தர்சினி கையை நீட்டிப் பேனையை வாங்கினாள். தகப்பனின் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லை ஒரு கோட்டால் வெட்டினாள். கணக்கில் இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருப்பதை வெட்டுவது போல, நிதானமாக.

"என்ன போடப்போறாய்?"

"ஒண்டும் போடேல்ல. அப்பாவின்ர பேர் மட்டும் இருக்கட்டும். கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறன்."

"என்னெண்டு?"

"வரவேண்டிய ஆள், இன்னும் வரேல்ல எண்டு. அது பொய் இல்லைத்தானே மாமா?"

"இல்லை. உறுதிப்படுத்தப்பட்டது."

அவள் உன் பெயருக்கு வந்தாள். விரலால் அதைத் தொட்டாள்.

"இது இருக்கட்டும். பெரியப்பாவை நாங்கள்தானே அனுப்பினாங்கள். பாத்தனாங்கள்."

ஓம் என்றேன். அந்தச் செய்திக்கு மூலம் நான்தான். வேறு யாரிடமும் கேட்டு உறுதிசெய்ய வேண்டியிருக்கவில்லை.

அவள் தாயிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனாள். கொஞ்ச நேரத்தில் போன் எடுத்தாள். தாய் அட்டையைக் கையில் வாங்கி, மெதுவாக வாசித்து, சாமிப் படத்தடியில் வைத்தாராம். பிறகு கடைக்குப் போய்க் குங்குமம் வாங்கி வரச் சொன்னாராம், இருந்தது முடியப்போகிறது என்று.

பின்னேரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு கிழமையும் போகிறேன். ஏன் என்று உன் மனைவி ஒருநாளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உன்னைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த நாளில், படலையடியில் நின்று எந்த யோசனையும் இல்லாமல் அவரிடம் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன். அவர் "ஓம், வாங்கோ" என்றார். சொல்லிவிட்டேன் அல்லவா. அடுத்த கிழமை வந்தேன். திரும்பும்போது மறுபடியும் அதைத்தான் சொல்லவேண்டியிருந்தது. நீ அதைச் சாட்சி என்றாய். எனக்கு அது இப்போது வேறு. யாராவது ஒருவர் திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும் என்றாகிவிட்டது. அந்தச் சொல்லை அவமாக விடாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். உனக்கு அனுப்பியதில் அதே ஒற்றைச் சரி. குழுவில் குகன் என்னைக் கேட்டிருந்தான்.

"அண்ணை, ஓவர்டியூவுக்குத் தமிழ்ப் பேர் என்ன வைக்கப்போயினம்?"

எனக்குத் தெரிந்ததை எழுதினேன். "இன்னும் வரவில்லை."

அவன் விடவில்லை. "அண்ணை, இது பதிலோ, பேரோ?"

நான் என்ன எழுதுவதென்று பார்த்துக்கொண்டிருக்க, தர்சினியிடமிருந்து வந்தது.

"ரெண்டும்."

மற்றவை இவைதான், மச்சான். தமிழ்ப் பெயர் முன்னோட்டத்தோடு சேர்ந்து சித்திரை வருசத்துக்கு முன் வரும் என்று விநியோகிக்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வைகாசியில் தர்சினிக்குக் கலியாணம். லெனா இருக்கிறாளா என்பது ஆடியில், படம் வந்தால் தெரியும். முதல் நாளே பார்த்துவிட்டு உனக்குச் சொல்கிறேன். உன் தம்பியைப் பற்றிப் புதிதாக உறுதியானது ஒன்றும் இல்லை. எப்போது எதிர்பார்க்கலாம் என்று அறிவிக்க அவனுக்கு ஒரு பக்கமும் இல்லை. அட்டையில் அவன் பெயர் மட்டும், முன்னால் கொஞ்சம் வெள்ளை இடத்தோடு, திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

போட்டு வாறன்.